அப்பாவி செய்யாத அலை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு அப்பாவி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். ஏதாவது விஷமம் நடந்து எல்லோரும் அவள் பக்கம் திரும்பினால், கண்ணை அகல விரித்து, "என்ன, என்ன ஆச்சு?" என்று ஒரு முகம் காட்டுவாள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குக்கூட அப்படி ஒரு முகம் வராது. அந்த முகத்துக்காக வந்த பெயர் அது.

பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிட்டது இந்த வேலை. கணக்கு டீச்சரின் நாற்காலியை நாள்தோறும் ஒரு விரற்கடை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைப்பாளாம். ஆண்டு முடிவதற்குள் டீச்சர் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளியே பந்து விளையாடும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார் என்பாள். அதில் பாதியாவது உண்மையாக இருக்கும்.

கல்யாணமும் இப்படித்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார். பலகையில் இல்லாத எழுத்துகளைக் கொஞ்சமும் தயங்காமல் கடகடவென்று படித்தாள். அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படிக்கச் சொன்னார். அதே தப்பான எழுத்துகளை அதே வரிசையில் ஒப்பித்தாள். மனிதர் உள்ளே போய்த் தன் கண்ணைத் தானே சோதித்துக்கொண்டு வந்தார்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லைங்க. எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு."

பாவமாக இருந்ததால் உண்மையைச் சொல்லிவிட்டாள். பாவம் பார்க்க ஆரம்பித்தது கல்யாணத்தில் வந்து நின்றது. இப்போது அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் குடித்தனம். அவள், கணவர், மாமியார்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஓயாமல் காற்றுபோல் வீசிக்கொண்டிருக்கின்றன. அந்த மின்னேறிய காற்றைப் பிளாஸ்மா என்கிறார்கள். பூமி தன் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு எதிரே நிற்கிறது. ஓடும் படகின் முகப்புக்கு முன்னால் தண்ணீர் வளைந்து குவியும் அல்லவா, அதேபோல் பூமிக்கு வெகுதூரம் முன்னாலேயே அந்தக் காற்று தடுமாறி, வேகம் குறைந்து, வில்லாக வளைந்து குவிகிறது. அந்த வில்லைக் கடந்து போவதும் வருவதுமாக ஒரு விண்கலம் சுற்றுகிறது. அது அனுப்புவதை நாங்கள் பார்க்கிறோம்.

அந்த இடத்தில் தனி அலைகள் என்று ஒரு வகை உண்டு. கடல் அலைபோல் ஒன்றன்பின் ஒன்றாக வராது. ஒரே ஒரு மின்சார மேடு, அல்லது ஒரே ஒரு மின்சாரப் பள்ளம், துணைக்கு ஆளில்லாமல் வந்து, நாம் கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் விண்கலத்தைத் தாண்டிப் போயிருக்கும். திரையில் கோடு ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கி, எதுவுமே நடக்காததுபோல் மறுபடி நேராகப் போகும். இரைச்சலான கோடுகளுக்குள்ளிருந்து இவற்றைப் பொறுக்கி எடுப்பதுதான் எங்கள் பிரிவின் பிழைப்பு. முதலில் ஒரு கணினி நிரல் சலிக்கும். பிறகு நாங்கள் கண்ணால் சலிப்போம். பேன் பார்க்கிற வேலை என்பாள் அப்பாவி.

இந்தப் பேன் பார்ப்பதில் எங்களில் மிகப் பெரிய கை, அவளுக்கு எதிர் மேஜைக்காரர். அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தன் பிறந்தநாள் கேக்கைக்கூட அபராதம் கட்டுகிறவர் முகத்தோடுதான் வெட்டுவார். அவளுடைய விஷமம் எதுவும் அவரிடம் மட்டும் பலித்ததே இல்லை. சத்தம் போடும் காற்றுப்பையை அவர் நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்தால், உட்காருவதற்குமுன் அவளை ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். பிறகு நிதானமாகப் பையை உருவி அவள் மேஜைமேல் வைத்துவிட்டு உட்காருவார்.

"இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ," என்று என்னிடம் புலம்புவாள். பக்கத்து நாற்காலிக்காரி என்பதால் அவள் புலம்பல் எல்லாம் எனக்குத்தான்.

ஒருநாள் எங்கள் பிரிவுத் தலைவி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, அந்த முகத்தைத் தயாராக மாட்டிக்கொண்டு போனாள்.

"உட்காரும்மா. உன்னால ஒரு காரியம் ஆகணும். நம்ம நிரலும் நம்ம ஆட்களும் அலையைச் சரியாத்தான் பிடிக்கிறாங்களான்னு சோதிக்கணும். போலி அலை செஞ்சு, நிஜப் பதிவுகளுக்கு நடுவுல சொருகணும். எல்லாரையும் ஏமாத்தணும். இதுக்கு யார் சரியான ஆளுன்னு யோசிச்சேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கலை."

அப்பாவியின் முகம் வாடிப்போயிற்று.

"அனுமதியோடவா மேடம்?"

"ஆமா. எழுத்துலயே தர்றேன்."

"அப்புறம் அதுல என்ன மேடம் சுவாரசியம்?"

இருந்தாலும் கை சும்மா இருக்குமா. ஒத்துக்கொண்டாள். செய்யத் தொடங்கியதும் பசி தூக்கம் மறந்துபோயிற்று. அவள் செய்த அலைகள் எல்லாம் கொஞ்சம் கோணல், கொஞ்சம் அழுக்கு. ஒன்றுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், இன்னொன்றுக்கு வால் நீண்டிருக்கும். நிஜத்துக்கு நேர்த்தி போதாது என்பது அவள் கட்சி. எதையெதை எங்கே சொருகினாள் என்பதைத் தலைவியிடம் மட்டும் சொல்லிவைத்தாள். போலி அலைகள் மூலப் பதிவிலேயே கலந்திருந்தால்தான் சோதனை சரியாக இருக்கும் என்று, அதைத் திறக்கும் கடவுச்சொல்லையும் தலைவி அவளிடம் கொடுத்திருந்தார்.

போலி கலந்திருக்கிறது என்று மட்டும் எங்களிடம் சொன்னார்கள். கலந்தது யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவள் எங்களுக்கெல்லாம் முன்னால் அலுவலகம் வந்து, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

முடிவு சொல்லும் கூட்டத்தன்று அவளுக்குச் சரியான ஜலதோஷம். மற்றவர்களுக்கு ஒட்டிவிடக்கூடாது என்று முகமூடி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைவி போலிகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். நிரல் அநேகமாக எல்லாவற்றிலும் ஏமாந்திருந்தது. நாங்கள் பாதிக்குப் பாதி. உம்மணாமூஞ்சி மட்டும் ஒன்றில்கூட ஏமாறவில்லை. முகமூடிக்குமேல் அவள் கண்கள் கடுப்பில் சுருங்கின.

"வேற ஏதாவது விசேஷமா கண்ணுல பட்டுதா?" என்று தலைவி கேட்டார்.

உம்மணாமூஞ்சி எழுந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல் தன் கணினியை இணைத்து ஒரு படத்தைப் போட்டார்.

அப்படி ஓர் அலையை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு உயரம், அவ்வளவு சுத்தம். ஏறிய பாதியும் இறங்கிய பாதியும் கண்ணாடியில் பார்த்துச் செய்ததுபோல் அச்சாக ஒத்துப்போயின.

"இந்த வேலைக்கு வந்ததுலேருந்து இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு தேடிட்டிருந்தேன்," என்றார். அவர் குரல் லேசாக நடுங்கியது. அதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

 பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பக்கத்தில் பரவியது. எல்லாத் தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது.

"கடைசியில அவரையே கவுத்துட்டியே," என்றார் ஒருவர்.

"அய்யோ, இது நான் இல்லை," என்றாள் அப்பாவி. பழக்கதோஷம், கண்கள் தாமாக அகல விரிந்தன. சிரிப்பு இன்னும் கூடியது.

தலைவி நெற்றியைச் சுருக்கினார். "என்கிட்ட சொன்னதுல இது இல்லையேம்மா."

"நான் செய்யவே இல்லை மேடம், எப்படிச் சொல்வேன்? நான் செஞ்சிருந்தா இவ்வளவு அழகா செஞ்சிருக்க மாட்டேன்."

மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அவள் வாழ்க்கையில் எந்த நகைச்சுவைக்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை, நகைச்சுவையே சொல்லாத அன்றைக்குத்தான் கிடைத்தது. உம்மணாமூஞ்சி இணைப்பைப் பிடுங்கி, கணினியை மூடி, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருடைய காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

அதற்குப் பிறகு அவர் எதிர் மேஜையில் ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பேசாவிட்டால் போகிறது, உட்காருமுன் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வைகூட நின்றுவிட்டது. தலைவி அந்த அலையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். மூலப் பதிவில் பார்க்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். மூலப் பதிவின் கடவுச்சொல்தான் அவள் கையில் இருந்ததே என்றார்கள். 

ஒரே ஒரு வழி இருந்தது. விண்கலத்திலிருந்து நாலாபுறமும் நீளக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரெதிர் முனைகளுக்கு இடையிலுள்ள மின் வித்தியாசம்தான் எங்களுக்கு வருகிறது. ஒவ்வொரு முனையும் தனித்தனியே என்ன கண்டது என்பது, வேறு ஊரில் இருக்கும் கம்பி செய்த நிறுவனத்திடம் மட்டும் இருக்கும். அங்கே அவள் கை எட்டாது. அலை நிஜமென்றால் அவர்களிடமும் இருந்தாக வேண்டும்.

அவளே தொலைபேசியில் கேட்டாள். பேரைச் சொன்னதுமே அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். கொஞ்ச காலத்துக்கு முன்பு இவள்தான் அவர்களை அழைத்து, வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பிகளை ஒரு சாண் நீட்டித் தர முடியுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தாள். அவர்கள் அதைப் பற்றி ஆலோசனைக் கூட்டமே போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நான் நம்புறேன்," என்றார் அவர். சொல்லிவிட்டு, அடுத்து என்ன வரப்போகிறதோ என்று உதட்டோரச் சிரிப்போடு காத்திருந்தார்.

"நிஜமாங்க. இதுல ஒரு விளையாட்டும் இல்லை."

"சரி, சரி. நம்பிட்டேன்னு சொல்றேன்ல."

அவளுக்கு அழுகை முட்டியது. தையல் மெஷினில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த மாமியார் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"இங்க வாம்மா. அந்த முகமூடியைக் கழட்டு. இப்பச் சொல்லு, நீ பண்ணினியா?"

"இல்லை அத்தை."

மாமியார் ஒரு பார்வை பார்த்தார். "இவ பண்ணலைடா," என்று மகனிடம் தீர்ப்புச் சொன்னார். "பொய் சொன்னா இவளுக்கு மூக்கு விடைக்கும். நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்ட புதுசுலயே கவனிச்சு வெச்சுக்கிட்டேன். உனக்கு இதுகூடத் தெரியலை. இதுல கண்ணாடிக் கடை வேற வெச்சிருக்க."

அப்பாவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லவே இல்லையே அத்தை?"

"சொன்னா நீ உஷாராயிடுவே. அதுல எனக்கு என்ன லாபம்?"

மாமியார் அதோடு விடவில்லை. மறுநாள் எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, எதிர் மேஜைக்காரர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உம்மணாமூஞ்சியின் பக்கப் பேச்சு மட்டும் எங்கள் காதில் விழுந்தது.

"ஆமாம்மா... தெரியும்மா, ரொம்ப நாளாவே தெரியும்... அன்னைக்கு முகமூடி போட்டிருந்தாங்கம்மா, அதனாலதான்... சரிங்கம்மா... பார்த்துடறேன்மா."

போனை வைத்துவிட்டு நேராக அவள் மேஜைக்கு வந்தார். ஜலதோஷம் அதற்குள் விட்டிருந்தது.

"கொஞ்சம் ஜன்னல்கிட்ட வாங்க. வெளிச்சம் வேணும்."

போனாள்.

"சொல்லுங்க."

"என்ன சொல்றது சார்?"

"அந்த அலையை நீங்க செய்யலைன்னு."

"அந்த அலையை நான் செய்யலை."

உற்றுப் பார்த்தார். "இப்ப ஏதாவது ஒரு பொய் சொல்லுங்க. ஒப்பிட்டுப் பார்க்கணும்."

அவள் யோசித்தாள். "நீங்க சிரிச்சா ரொம்ப அழகா இருப்பீங்க சார்."

அவளுடைய மூக்கு விடைத்ததை நானே என் நாற்காலியிலிருந்து பார்த்தேன். கூடவே இருந்தும் எனக்கு இதுவரை தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"சரி," என்று திரும்பிப் போய் உட்கார்ந்து, கம்பி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். அவர் கேட்டால் மறுப்பார்களா? நலம் விசாரிப்பும் வாழ்த்தும் இல்லாமல் அவர் அனுப்பும் வறட்டு மின்னஞ்சல்களுக்கு அந்தப் பக்கம் தனி மதிப்பு.

பதில் வரும்வரை அப்பாவி ஒரு வம்புக்கும் போகவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்றுமுன் ஒருநாள் அவர் எழுந்து அவளிடம் வந்தார்.

"பதில் வந்துடுச்சு."

"என்ன சொல்றாங்க சார்?"

"அந்த நேரத்துல அவங்ககிட்ட ஒண்ணுமே இல்லையாம். எல்லா முனையிலயும் கோடு நேராத்தான் இருக்காம்."

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். எப்போதும் இருக்கும் அதே முகம்தான்.

அப்பாவி எழுந்தாள். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "ஒருவேளை நானேதான் செஞ்சேனா?" என்று என்னிடம் கேட்டாள். "ஒண்ணு அழகா செஞ்சு பார்த்தேன், வேண்டாம்னு விட்டேன். விட்டேன்னுதான் நினைச்சேன். ஒருவேளை அதை அழிக்காம சொருகிட்டேனோ?" நான் பதில் தேடுவதற்குள் விறுவிறுவென்று தலைவியின் அறைக்குள் போனாள்.

இதை எதிர் மேஜைக்காரர் எதிர்பார்க்கவில்லை. அவர் நாற்காலியிலிருந்து அத்தனை வேகமாக எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். நானும் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே அவள் தலைகுனிந்து நின்றாள். "நானேதான் பண்ணியிருக்கணும் மேடம். எனக்கே தெரியாம பண்ணிட்டேன். அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்."

"இல்லை மேடம், அது நிஜ அலைதான்," என்று மூச்சு வாங்கச் சொன்னார் உம்மணாமூஞ்சி. "நான் சும்மா சொன்னேன்."

தலைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "செய்யலைன்னு சொன்னவ இப்ப செஞ்சேன்னு சொல்றா. சிரிக்கவே தெரியாத நீங்க சும்மா சொன்னேன்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து இப்ப என்னை வெச்சு விளையாடுறீங்களா?"

"ஒருதரம் செஞ்சு பார்க்கலாம்னு தோணிச்சு மேடம். அன்னைக்குக் கூட்டத்துல எனக்கு எப்படி இருந்துதுன்னு இவங்களுக்கும் தெரியட்டும்னு. சாப்பிட்டு வந்ததும் உண்மையைச் சொல்றதா இருந்தேன். இவ்வளவு சீக்கிரம் குற்றத்தை ஒத்துக்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அப்பாவி அவரை வாய் பிளந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்தான் வரும் என்று நினைத்தேன். வந்தது மரியாதை.

தலைவி யாரையும் நம்பத் தயாராக இல்லை. அந்தப் பதிலைத் தன் கணினியிலேயே திறக்கச் சொன்னார். ஒவ்வொரு முனையின் கோடும் தனித்தனியாக வந்தது. இருந்தது. ஒரு முனையில் அலை முதலில் தெரிந்தது, மயிரிழை நேரம் கழித்து எதிர் முனையில். எந்தக் குறும்பு நினைத்தாலும் போய்த் தொட முடியாத இடத்தில், அதே நேர்த்தியோடு இருந்தது. அப்பாவி அங்கிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

தலைவி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இது எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பார்த்தீங்களா?"

உம்மணாமூஞ்சி குனிந்தார்.

"நீங்க வழக்கமா வர்ற பக்கத்துலேருந்து வருதுன்னு வெச்சுக்கிட்டு, மேடுன்னு எழுதியிருக்கீங்க. இந்த முனைக்குத்தான் முதல்ல வந்திருக்கு. அப்படின்னா எதிர்ப்பக்கத்துலேருந்து வந்திருக்கு. திசை மாறினா எல்லாமே தலைகீழ். இது மேடு இல்லை சார். பள்ளம்."

மேடு ஒரு பக்கமிருந்து வந்தாலும், பள்ளம் எதிர்ப்பக்கமிருந்து வந்தாலும், திரையில் கோடு ஒரே மாதிரிதான் தெரியும். வரும் திசை தெரியாவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அவருக்குத் தெரியாதா? காலையிலேயே பதில் வந்துவிட்டது. அதை ஒழுங்காகப் பார்க்காமல், பொய்யை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"பழக்கம் இல்லாதவங்க இதுல எல்லாம் இறங்கக்கூடாது சார்," என்றாள் அப்பாவி. "ஒரே நேரத்துல ரெண்டு வேலையையும் செய்ய நிறைய பயிற்சி வேணும்."

அவ்வளவு பெரிய, அவ்வளவு சுத்தமான பள்ளம் கிடைத்தது மேடு கிடைத்ததைவிட நல்லதாகப் போயிற்று. இருவர் பெயரும் போட்டுக் கட்டுரை எழுதினார்கள். ஆய்விதழுக்காக அதைச் சரிபார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள், இந்த அலை நீங்கள் சொருகிய போலிகளில் ஒன்றல்ல என்பதை எப்படி உறுதிசெய்தீர்கள் என்று. அதற்குப் பதிலாக உம்மணாமூஞ்சி, ஜன்னல் வெளிச்சம், ஒப்பீட்டுக்கான பொய், நாசித்துவாரத்தின் அகலம் என்று ஒரு முழுப் பத்தி எழுதிக் கொடுத்தார். தலைவி அதை அடித்துவிட்டுக் கம்பி முனைகளைப் பற்றி எழுதினார். உம்மணாமூஞ்சி அந்தப் பத்தியை விளையாட்டாக எழுதினாரா, மெய்யாகவே எழுதினாரா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "அதுவும் சான்றுதானே," என்கிறார்.

இந்த ஆண்டு போலி அலை செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க வேண்டியது அப்பாவி. வேலை ஆரம்பித்ததிலிருந்து அவள் ஒரு கோட்டையும் நம்புவதில்லை. நல்ல அலைகளையெல்லாம் போலி என்று தள்ளிவைக்கிறாள், பிறகு மனசு கேட்காமல் எடுத்துச் சேர்க்கிறாள். டீ குடிக்கும்போது, "நேத்து பார்த்தது உங்களோடதுதானே சார்?" என்று கொக்கி போடுகிறாள். "இருக்கலாம்," என்கிறார் அவர். தாங்க முடியாமல், சாவியை வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லி மாமியாரை அலுவலகத்துக்கே வரவழைத்து, உம்மணாமூஞ்சிக்கு எதிரே உட்காரவைத்துப் பார்த்தாள். அந்த அம்மாள் ஒரு கோப்பைத் தேநீர் தீரும்வரை அவரைக் கவனித்துவிட்டு, படியிறங்கும்போது கையை விரித்துவிட்டுப் போனார்.

நேற்று அப்பாவி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு. அந்த ஆள் இன்னும் ஒண்ணுகூட சொருகலையோ?"

எதிர் மேஜையில் அவர் ஆரஞ்சுப் பழத்தின் தோலை, அறுந்துவிடாமல், மெல்ல உரித்துக்கொண்டிருந்தார்.